கச்சான் சாப்பிட்டு எத்தனை வருஷம்?

(சர்வதேச முதியோர் தினத்தையொட்டிச் செட்டிகுளத்தில் முதியோர் சங்கங்கள் கூடியிருந்த நிகழ்வில், ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)

 

பேசத் தொடங்க முன்னம் ஒரு கேள்வி கேட்கிறேன். கடைசியாகக் கச்சான் சாப்பிட்டது எப்போது? அவித்த கச்சானைக் கேட்கவில்லை. கோயில் திருவிழாவில் மணலில் வறுத்து, சுடச்சுடச் சரையில் போட்டுத் தருவார்களே, அதைக் கேட்கிறேன்.

இரண்டாவது வாங்கில் ஓர் ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா. பக்கத்தில் இருக்கிறவ, "அதெல்லாம் முந்தி" என்கிறா. அந்த மூலையில் ஓர் அப்பு இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு வருஷமா, இரண்டு பல்லா என்று தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது.

அழைப்பிதழில் என் பேச்சுக்கு "முதியோரின் வாய்ச் சுகாதாரத் தேவைகளை மதிப்பிடல்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். கேட்டாலே கொட்டாவி வருகிற தலைப்பு. ஆனால் நான் இப்போது செய்ததும் அதைத்தான். ஒரு கேள்வி கேட்டேன், விடை வந்தது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கச்சான் சாப்பிடும்போது இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது விளங்கிவிட்டது.

எங்களுக்குப் படிப்பித்தது வேறு முறை. பல்லை எண்ணப் படிப்பித்தார்கள். சூத்தைப் பல் எத்தனை, பிடுங்கின பல் எத்தனை, அடைத்த பல் எத்தனை என்று மூன்றையும் கூட்டி ஓர் எண்ணை எழுதவேண்டும். உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே சில வயதுகளைக் குறித்து வைத்திருக்கிறது: 5, 12, 15, பிறகு 35இலிருந்து 44, கடைசியாக 65இலிருந்து 74. நம் நாட்டிலும் 1983/84, 1994/95, 2002/03, 2015/16 என்று நாலு தடவை தேசிய அளவில் வாய்ச் சுகாதார ஆய்வு நடந்திருக்கிறது. அவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயை அளக்க அந்த எண்ணை விட நல்ல அளவுகோல் கிடையாது.

எழுபது வயது ஆச்சியிடம் அது செல்லாது. பல் முழுவதும் போன ஒருவருடைய எண் உச்சத்தில் போய் நின்றுவிடும். நீங்கள் அவருக்கு நல்ல பல் செட் ஒன்று கட்டிக் கொடுத்து, அவர் ஆசையோடு இறைச்சிக் கறி சாப்பிட்டாலும் அந்த எண் அசையாது. கட்டிக் கொடுக்காமல் விட்டு, அவர் சோற்றைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாலும் அசையாது. சாப்பிடுகிறவரையும் சாப்பிட முடியாதவரையும் பிரித்துக் காட்டாத ஓர் எண்ணை வைத்துக்கொண்டு தேவையை எப்படி மதிப்பிடுவது?

நானே பிழைவிட்ட ஒரு கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த ஆரம்பத்தில், ஒரு கிராமத்தில் முதியவர்களின் பல்லை எண்ணிக்கொண்டு போனேன். ஓர் அம்மம்மா வந்தா. வாயில் பதினாலு பல். ஆட்டமில்லை, சூத்தையில்லை. அந்த வயதுக்கு அது பெரிய சொத்து. "நல்ல நிலை" என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவ எழும்பவில்லை. "தம்பி, எனக்குச் சப்ப ஏலாமல் கிடக்கு" என்றா. எனக்குக் கொஞ்சம் எரிச்சல். பதினாலு பல்லை வைத்துக்கொண்டு சப்ப ஏலாது என்றால் என்ன கதை? "கடிச்சுக் காட்டணை" என்றேன். கடித்துக் காட்டினா.

மேல் வாயில் இருந்த பல்லெல்லாம் இடப்பக்கம். கீழ் வாயில் இருந்ததெல்லாம் வலப்பக்கமும் முன்பக்கமும். மேற்பல் ஒவ்வொன்றும் கீழ் முரசில் போய் இடித்தது. கீழ்ப்பல் ஒவ்வொன்றும் காற்றைக் கடித்தது. பதினாலில் ஒரு சோடிகூட ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அம்மி ஒரு வீட்டிலும் குழவி இன்னொரு வீட்டிலும் இருந்தால் சம்பல் அரைக்கலாமா? நான் அம்மியையும் குழவியையும் எண்ணிவிட்டு, அரைபடும் என்று எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு நான் எழுதிய "நல்ல நிலை"யை வெட்டிவிட்டு வேறு எழுதினேன். அதற்குப் பிறகு எவருடைய பல்லையும் "கடிச்சுக் காட்டுங்கோ" என்று சொல்லாமல் நான் எண்ணியதில்லை.

தேவை என்ற சொல்லுக்குள் பல சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. 1972இல் ஜொனதன் பிராட்ஷோ என்ற பிரித்தானிய ஆய்வாளர் அதை நாலாகப் பிரித்தார். வைத்தியர் பார்த்துச் சொல்லும் தேவை ஒன்று. தான் உணரும் தேவை இன்னொன்று. வாய்விட்டுக் கேட்கும் தேவை மூன்றாவது. பக்கத்து ஊருக்கு இருப்பது நமக்கில்லையே என்று ஒப்பிட்டுப் பார்க்கும்போது தெரிவது நாலாவது. நம் ஆஸ்பத்திரிகள் கணக்கெடுப்பது பெரும்பாலும் மூன்றாவதை. யார் துண்டு எடுத்து வரிசையில் நின்றாரோ அவருக்குத்தான் தேவை. வராதவர் சுகமாக இருக்கிறார் என்று கணக்கு.

வராதவரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன தம்பி, வயசு போட்டுது. இனிப் பல்லை வச்சு என்ன கலியாணமே கட்டப்போறன்?" என்பார். நாற்பது வருஷமாக இதே வசனத்தை வெவ்வேறு வாய்களில் கேட்டுவிட்டேன். முழங்கால் நோவுக்குத் தைலம் பூசிக்கொள்கிற மனிதர், கண்ணில் பூ விழுந்தால் வவுனியாவுக்கு ஓடுகிற மனிதர், பல்லை மட்டும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறார். இதில் முதியவர்களை மட்டும் குறை சொல்லமாட்டேன். பள்ளிப் பிள்ளைக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் இருக்கிறது. 1950களிலேயே அந்த வேலைக்கென்று ஆட்களைப் பயிற்றத் தொடங்கிய நாடு இது. கர்ப்பிணித் தாயைப் பற்சிகிச்சைக்கு அனுப்புகிற வழக்கமும் வந்துவிட்டது. அந்தப் பிள்ளையையும் தாயையும் வளர்த்துவிட்டவவின் கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். சீனி எவ்வளவு, பிறசர் எவ்வளவு, நிறை எவ்வளவு என்றெல்லாம் இருக்கும். வாயைத் திறந்து பார்த்ததாக ஒரு வரி இருக்கிறதா? நான் புரட்டின கொப்பிகளில் அப்படி ஒன்றைக் கண்ட ஞாபகம் இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நாட்டின் சனத்தொகையில் 12.4 வீதம். அந்தப் பங்கு ஏறிக்கொண்டே போகிறது.

செட்டிகுளத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் பல்லைப் பார்த்தால் ஆள் பிறந்த இடத்தைச் சொல்லலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உலர் வலயத்துக் கிணற்றுத் தண்ணீரில், அனுராதபுரம், வவுனியாப் பக்கங்களில், புளோரைட் கூடுதலாக இருக்கிறது. பல் முளைக்க முன்னம், முரசுக்குள்ளே அது உருவாகிற வயதில், ஏறத்தாழ எட்டு வயது வரையில், அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் பல்லின் மேற்பூச்சில் வெள்ளைக் கோடு விழும். கூடிப்போனால் கபில நிறமும் குழியும் விழும். அதன் பிறகு எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அந்தப் பல்லில் புதிதாகக் கறை வராது, பழையது போகவும் போகாது. ஆகவே இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்களிடம் அந்தக் கபிலக் கறை இருக்கும். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறினார்களே, அவர்கள் ஐம்பது வருஷம் இங்கே தண்ணீர் குடித்திருந்தாலும் பல்லில் அது இராது. அவர்களுடைய பல் மலைத் தண்ணீரில் உருவான பல். கிராம உத்தியோகத்தரின் பதிவேடு தொலைந்தாலும் பல்லில் பதிவு இருக்கும்.

கபிலப் பல்காரர் இன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார். ஊத்தைப் பல் என்று சின்ன வயதில் பகிடி பண்ணினது எழுபதிலும் போகாது. அது ஊத்தை இல்லை அப்பு, உமிக்கரியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தால் போகாது. தேய்த்துத் தேய்த்து முரசு கீழிறங்கி வேர் வெளியே தெரிந்ததுதான் மிச்சம். வயதானவர்களுக்குச் சூத்தை விழுவது பெரும்பாலும் அந்த வேரில்தான். வேருக்கு மேற்பூச்சுக் கிடையாது, அதனால் வெகுசீக்கிரம் அரிபடும். ஒரு நாள் சாப்பிடும்போது பல் அடியோடு முறிந்து சோற்றுக்குள் விழும்.

சிறுநீரக நோயும் இதே தண்ணீர்ப் பூமியின் துயரம். காரணம் முழுதாகத் துலங்காத அந்த வருத்தம் 1990களில் வடமத்திய மாகாணத்தில் தெரியவந்தது. வவுனியாவும் அதன் பரப்புக்குள் வருகிறது. நோய் முற்றினால் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்கிறார்கள். வாய் காய்ந்துபோகும். எச்சில் இல்லாத வாயில் பல் நிலைக்காது, கட்டுப்பல்லும் ஒட்டாது. இப்போது பலர் குடிப்பது வடித்த தண்ணீர். சிறுநீரகத்தை நினைத்துச் செய்த நல்ல வேலை. ஆனால் அந்த வடிப்பில் புளோரைட்டும் பெரும்பகுதி போய்விடுகிறது என்பதால் புளோரைட் சேர்ந்த பற்பசை முன்னையை விட இப்போது அவசியம். பட்டாணிக் கடலை அளவு போதும். ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் மிஸ்வாக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலையில் அது, இரவில் பற்பசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைகளைப் பற்றியும் ஒரு சொல். பிறசருக்குத் தரும் நிபெடிபின், அம்லோடிபின் சிலருக்கு முரசைத் தடிக்க வைக்கும். நித்திரைக்கும் நரம்பு நோவுக்கும் தரும் அமிட்ரிப்டிலின் வாயைக் காயப்பண்ணும். நான் இப்படிச் சொன்னேன் என்று வீட்டில் போய்க் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். கிளினிக்கில் சொல்லுங்கள், மாற்றுவதா வைப்பதா என்று அவர்கள் பார்ப்பார்கள். சீனி வருத்தக்காரருக்கு முரசு நோய் சீக்கிரம் முற்றும். முரசு நோய் இருந்தால் சீனியும் அடங்காது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணைபோகிற வருத்தங்கள்.

இனி வெற்றிலைக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது சபையில் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது. கலியாணத்துக்கு வெற்றிலை வைத்துத்தான் அழைக்கிறோம். வயலில் வேலை செய்த களைப்புக்கும், இடம்பெயர்ந்து ஓடின நாட்களில் பசிக்கும்கூட அதுதான் துணையாக இருந்தது. ஆச்சியின் சின்ன உரலில் பாக்கு இடிபடும் சத்தம் கேட்டுத்தான் நாங்களெல்லாம் விடியக்காலம் எழும்பினோம். அந்த உரலே ஒரு மதிப்பீடு, யோசித்துப் பாருங்கள். பல் போன பிறகும் வெற்றிலையை விட மனமில்லாமல், வாய் செய்யவேண்டிய வேலையை இரும்பிடம் கொடுத்த ஏற்பாடு அது. கச்சானுக்கு அப்படி ஓர் உரலை எவரும் தூக்கவில்லை.

வெற்றிலை இலையில் எனக்கு வழக்கில்லை. வழக்கு பாக்கோடும் புகையிலையோடும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதலாம் வகுப்பில் வைத்துவிட்டது. "நான் பொயிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்கிறவருக்கும் தப்ப வழியில்லை. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னணியில் நிற்பது உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய். இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. வயிற்றுக்குள்ளோ நெஞ்சுக்குள்ளோ ஒளிந்து வளராமல், டோர்ச் லைட் அடித்தால் தெரியும் இடத்தில் வளர்கிறது.

வெற்றிலையை எந்தக் கன்னத்தில் அடக்குகிறீர்களோ அந்தப் பக்கத்தை முதலில் பாருங்கள். துடைத்தும் போகாத வெள்ளைப் படை இருக்கலாம், அதைவிடப் பொல்லாத சிவப்புப் படை இருக்கலாம், இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண் இருக்கலாம். உறைப்பு முன்னையைப் போலத் தாங்கவில்லை, கறி பட்டாலே எரிகிறது என்றால் கவனியுங்கள். உங்கள் மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் நிமிர்த்தி வையுங்கள். போகவில்லையென்றால் கன்னத்தின் உட்தசை இறுகத் தொடங்கியிருக்கலாம். இவற்றில் பலவற்றுக்குத் தொடக்கத்தில் நோ இருக்காது. நோகாதபடியால்தான் வருகிறார்களில்லை. பல்லுக்கொதி வந்தால் இரவோடிரவாக வந்து வாசலில் நிற்கிற மனிதர், வெள்ளைப் படையோடு ஆறு வருஷம் இருப்பார்.

இதற்குப் பெரிய வைத்தியர் தேவையா என்றால், இல்லை. அதை உலகத்துக்குக் காட்டின நாடுகளில் நம்முடையதும் ஒன்று. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் ஓர் இலங்கை ஆய்வு வந்தது. கிராமங்களில் வேலை செய்யும் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் 34 பேருக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு வருஷத்தில் 28,000க்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்க்க வைத்தார்கள். அவர்கள் சந்தேகப்பட்டு அனுப்பினதில் பத்துக்கு ஒன்பது அளவில் சரியாகவே இருந்தது. பிறகு, கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கத்தில் 1996இல் தொடங்கி, பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகளை வீடுவீடாக அனுப்பிப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் லான்செட்டில் முடிவு வந்தது. கையில் ஒரு விளக்கு, கண்ணில் கொஞ்சம் பழக்கம். மற்றதெல்லாம் நடந்து போன கால்களின் வேலை.

ஆனால் அந்த இலங்கை ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். வைத்தியரிடம் போங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே போனார்கள். மற்றவர்கள் துண்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள்.

ஏன் என்று இந்த ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. நேரியகுளத்திலிருந்தோ முதலியார்குளத்திலிருந்தோ ஓர் ஆச்சி வவுனியாப் பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் விடிய எழும்பி பஸ் பிடிக்கவேண்டும். தனியே போக ஏலாது. மகன் கூலி வேலையை விட்டுவிட்டு வரவேண்டும், அல்லது பேரன் பள்ளிக்கூடத்தை விடவேண்டும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு, தெல்லிப்பழைக்கு, மகரகமவுக்கு அனுப்பினால்? மகனே இல்லாதவர் எத்தனை பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். வன்னியில் அந்தக் கேள்வியைச் சபையில் கேட்கக்கூடாது. ஆனால் தேவையை மதிப்பிடுகிற படிவத்தில் அது இருக்கத்தான் வேண்டும். "கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கா?" வாயில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே அதை எழுதவேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தால், புண்ணைக் கண்டுபிடித்ததால் ஆச்சிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பயம்தான் மிச்சம்.

கட்டுப்பல்லைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரை விட்டுப் போக முடியாது. 2009இல் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், அருவியாற்றங்கரையில், மெனிக் பாம் முகாமில் போரில் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் இருந்தது. கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று வலயங்களுக்குப் பெரிய பெரிய பெயர்கள். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. பின்னாளில் என்னிடம் வந்த ஓர் அப்பு அந்த நாட்களைப் பற்றிச் சொன்னார். கட்டுப்பல்லைப் பங்கருக்குள் கழற்றி ஒரு தகரப் பேணியில் வைத்தவராம். செல் விழ, எல்லாரும் எழும்பி ஓட, பேணி அங்கேயே கிடந்துவிட்டது. "உயிரைக் கொண்டந்தன், பல்லைக் கொண்டரேல்லை." முகாமில் மூக்குக்கண்ணாடி வேண்டுமா, ஊன்றுகோல் வேண்டுமா என்று கேட்டு எழுதினார்களாம். அவர் கண்ணாடி கேட்டார், கிடைத்தது. "பல்லையும் கேட்டிருக்கலாமோ ஐயா?" என்று என்னிடம் கேட்டார். கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நிவாரணப் பருப்பையும் மாவையும் முரசாலேயே சமாளித்தாராம்.

அரச ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கக் காசில்லை. பல் கட்டுவதற்கோ பெரும்பாலும் கைக்காசுதான். இதைவிட விசித்திரமான கணக்கை நான் கண்டதில்லை. இல்லாமல் ஆக்குவது இலவசம், இருக்கப்பண்ணுவதற்குக் காசு. காசு குறைவென்று சந்தி மூலையில் பல் கட்டுகிறவரிடம் போனால், ஆடுகிற பல்லோடு சேர்த்துப் பசை போட்டுக் கழற்ற ஏலாதபடி ஒட்டிவிடுவார். உள்ளே ஊத்தை தேங்கி, முரசு அழுகி, இருந்த நல்ல பல்லும் போகும். அப்படி ஒட்டியதைக் கழற்றுவதிலேயே என் வாழ்க்கையில் கணிசமான காலைப்பொழுதுகள் போயின.

நல்ல செட் இருக்கிறவர்களுக்கும் பிரச்சினை உண்டு. இரவில் கழற்ற மாட்டார்கள். மருமகன் வீட்டில் நிற்கிறாராம், பொக்கை வாயோடு எப்படி நிற்பது? இருபத்திநாலு மணித்தியாலமும் போட்டிருந்தால் அண்ணத்தில் சிவந்து பூஞ்சணம் பிடிக்கும். கழற்றுங்கள், சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், கோணிவிடும். மருமகன்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: இரவு எட்டு மணிக்குப் பிறகு மாமியோடு பகிடி விடாதீர்கள்.

ஜப்பானில் 1989இல் 80-20 என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். எண்பது வயதில் இருபது பல் இருக்கவேண்டும் என்பது இலக்கு. அப்போது பத்துப் பேரில் ஒருவரிடம்கூட அது இல்லை. 2016இல் பாதிப்பேருக்கு மேல் அந்த இலக்கைத் தொட்டுவிட்டார்கள். நாங்களும் அங்கே போகலாம். ஆனால் இன்றைக்கு எழுபதைத் தாண்டி இங்கே அமர்ந்திருக்கிறவர்களுக்கு அந்தக் கதை பிந்திவிட்டது. இவர்களுக்கு வேண்டியது வேறு, சின்ன வேலைதான்.

கனடாவில் லீக் என்பவர் 1990இல் ஒரு வழி சொன்னார். பல்லை எண்ணாமல், பச்சைக் கரட், இறைச்சித் துண்டு, அப்பிள் என்று பட்டியல் போட்டு, எதைச் சப்ப முடியும், எதை முடியாது என்று ஆளிடமே கேட்டுவிடுவது. அந்தப் பட்டியலை இங்கே கொண்டுவந்தால் ஆச்சி சிரிப்பா. அப்பிளை முழுசாகக் கடித்த நாள் எது? நான் நம்முடைய பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன். புழுக்கொடியல், வறுத்த கச்சான், தேங்காய்ச் சொட்டு, அரைப்பழமாக இருக்கிற கொய்யா, இறைச்சி, முருங்கைக்காய், பிட்டு, சோறு. மேலிருந்து கீழே வந்து, எந்த இடத்தில் "ஏலும்" என்று சொல்கிறாரோ அந்த இடத்தில் கோடு போடுங்கள். புழுக்கொடியல் ஏலாதென்றால் பெரிய காரியமில்லை, எனக்கும் ஏலாது. முருங்கைக்காய்க்குக் கீழே கோடு விழுந்தால் அந்த ஆள் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்தும், மாரி பிஸ்கட்டைச் சீனித் தேத்தண்ணியில் ஊறவைத்தும் சீவிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இலைக்கறி போயிருக்கும், இறைச்சி போயிருக்கும், சீனி ஏறியிருக்கும். அவருடைய நிறையையும் சீனியையும் கிளினிக்கில் எழுதும்போது இந்தக் கோட்டையும் பக்கத்தில் எழுதினால், இரண்டும் ஒரே கதை என்பது தெரியும்.

பார்ப்பதற்கு இன்னொன்று இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் சாமர்ஸ் என்ற அம்மையாரும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட முறை. உதடு, நாக்கு, முரசு, எச்சில், இருக்கிற பல், கட்டுப்பல், வாயின் சுத்தம், நோ என்று எட்டு இடம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. எல்லாம் மோசமென்றால் 16. பல் வைத்தியர் அல்லாதவர்கள் பாவிப்பதற்கென்றே செய்த முறை. ஓர் ஆளுக்குப் பத்து நிமிஷம் போதும். குடும்பநல உத்தியோகத்தர் தங்கைமார் இப்போதே என்னை முறைத்துப் பார்க்கிறார்கள். இன்னும் ஒரு படிவமா என்று. உங்கள் தலையில் மட்டும் இதை வைக்கச் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் பிறகு முதியோருக்கென்று தேசிய செயலகம் இருக்கிறது, ஊர்தோறும் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. அந்தச் சங்கங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவராவது, க.பொ.த. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும். கொடுப்பனவு எடுக்க எல்லாரும் ஓரிடத்தில் கூடுகிற நாளில் இரண்டு கதிரையும் ஒரு டோர்ச் லைட்டும் போடுங்கள். சந்தேகமானதை மட்டும் பல் வைத்தியருக்கு அனுப்புங்கள். அனுப்புகிறவர்களை ஒரே நாளில், ஒரே வானில், கூட ஓர் ஆளோடு அனுப்புங்கள். அந்த வானுக்கு எரிபொருள் அடிக்கும் காசுதான் இந்தத் திட்டத்தில் பெரிய செலவு. வெளிநாட்டிலிருந்து கோயிலுக்குக் கோபுரம் கட்டக் காசு அனுப்புகிறவர்களிடம் ஒரு தாங்கி டீசல் கேட்பது பாவமில்லை.

மண்டபத்துக்கு வராதவர்களை மறந்துவிடக்கூடாது. பாரிசவாதத்தில் படுத்திருக்கிறவர், மறதி நோயில் இருக்கிறவர். அவர்களுக்குத் தலைவாரி விடுகிறோம், உடம்பு துடைத்து விடுகிறோம், வாயை மட்டும் விட்டுவிடுகிறோம். ஜப்பானின் முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் பார்த்து 1999இல் லான்செட்டில் எழுதினார்கள். வாயைச் சுத்தம் செய்து விட்டவர்களில் நியூமோனியா வந்தது 11 வீதம், செய்யாதவர்களில் 19 வீதம். வாயின் அழுக்கு எச்சிலோடு நெஞ்சுக்குள் இறங்கிவிடுகிறது. தலையைப் பக்கவாட்டில் திருப்பி, விரலில் சுத்தமான துணி சுற்றி, பல்லையும் முரசையும் நாக்கையும் துடைத்துவிடுங்கள். சின்னத் தூரிகையாக இருந்தால் இன்னும் நல்லது. முதல் நாள் கடிப்பார்கள். விரலைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் வைத்தால் தப்பலாம். என் விரலில் இருக்கிற தழும்பு அதைத் தெரியாத காலத்தில் வாங்கினது.

நான் நிறையப் பேசிவிட்டேன். வெயிலும் ஏறிவிட்டது. வெளியே பூவரச மரத்தடியில் இரண்டு கதிரை போட்டிருக்கிறோம். பற்சிகிச்சை நிலையத்துத் தம்பி ஒருவர் கையுறையும் டோர்ச் லைட்டும் நாக்கை அழுத்தும் குச்சியும் வைத்துக்கொண்டு நிற்கிறார். இன்றைக்குப் பல் பிடுங்க மாட்டார், ஊசி போட மாட்டார். கச்சான் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயைப் பார்ப்பார், அவ்வளவுதான். சாப்பாட்டுக்குப் போக முன்னம் எல்லாரும் ஒருக்கால் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போங்கள். இரண்டாவது வாங்கில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த ஆச்சி, நீங்கள் முதலில் வாங்கோ.